ஃபெஸ்: வேலை பார்க்கும் ஊரில் வேடிக்கை பார்த்த கதை

மொராக்கோ போய் வந்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி, "மராகேஷ் பார்த்தாயா?" என்பதுதான். பார்க்கவில்லை. கிடைத்த விடுமுறை முழுவதையும் ஃபெஸ் நகரத்துக்கே கொடுத்துவிட்டோம். கூட வந்தவள் கல்லூரிக் காலத்துத் தோழி, காயல்பட்டினத்துக்காரி. நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள், துணைக்கு ஆண் யாரும் இல்லை. கிளம்புவதற்கு முன்னால் ஆளாளுக்குச் சொன்ன எச்சரிக்கைகளில் பாதி மெய், பாதி வெறும் பயம். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு போனால் ஊரை நிம்மதியாகப் பார்க்கலாம்.

ஃபெஸ்ஸுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முக்கியமான கட்டடங்கள் பலவற்றுக்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது. போக முடிந்தவற்றை ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்துவிடலாம். அப்புறம் "சந்து சந்தா இருக்கு, ஒரே நாத்தம்" என்று வீட்டுக்கு வந்து சொல்லலாம். அப்படிச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அங்கே பார்க்க வேண்டியது வேலை. செம்பு அடிப்பதும், தோல் மிதிப்பதும், ஓடு கொத்துவதும், ரொட்டி சுடுவதும் கண்ணுக்கு எதிரே நடக்கின்றன. சுற்றுலாப் பயணி வருகிறானே என்று வைத்த காட்சி அல்ல. சாயங்காலம் கூலி வாங்கிப் போகிற வேலை. அதற்கு நின்று பார்க்கிற பொறுமை வேண்டும்.

ஊர் இப்படியே நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. 789இல் முதலாம் இத்ரீஸ் ஆற்றின் ஒரு கரையில் ஊரைத் தொடங்கினார். 809இல் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையில் இன்னொன்றைக் கட்டினார். ஸ்பெயினின் கோர்தோபாவிலிருந்து துரத்தப்பட்டவர்கள் ஒரு கரையிலும், துனிசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறு கரையிலும் குடியேறினார்கள். மரீனிய அரச வம்சத்தார் 1276இல் பக்கத்திலேயே ஒரு 'புது ஃபெஸ்' எழுப்பினார்கள். எழுநூறு வயதைத் தாண்டியும் அதற்குப் பெயர் புது ஃபெஸ்தான். 1912இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்தபோது தலைநகரை ரபாத்துக்குக் கொண்டுபோனார்கள். தங்களுக்கான நகரத்தை மதிலுக்கு வெளியே தனியாகக் கட்டிக்கொண்டார்கள். பழைய நகரத்தை இடித்துச் சாலை போட வேண்டிய அவசியம் வரவில்லை. 1981இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நீலக் கதவு என்று எல்லோரும் படமெடுக்கும் பாப் பூ ஜுலூத் வாசல்கூட 1913இல் கட்டியதுதான். வெளிப்பக்கம் நீல ஓடு, உள்பக்கம் பச்சை ஓடு.

வழி தவறும் என்ற எச்சரிக்கை மெய். மெதினா என்று அவர்கள் சொல்லும் பழைய நகரத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் சந்துகள் என்று ஒரு கணக்கு சொல்கிறார்கள். யார் எண்ணினார்களோ தெரியாது, நடந்து பார்த்தால் நம்பத் தோன்றும். சில சந்துகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். கார் நுழையாது. கேஸ் சிலிண்டர், கோக் பெட்டி, பச்சைத் தோல் எல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும் தள்ளுவண்டியிலும்தான் போகின்றன. "பாலாக்! பாலாக்!" என்று பின்னால் குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் முதலில் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்பிப் பாருங்கள். கழுதைக்கு பிரேக் கிடையாது.

கைப்பேசி வரைபடம் அகலமான தெருக்களில் வேலை செய்கிறது. உயரமான சுவர்களுக்கு நடுவே நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். எங்களைக் காப்பாற்றியது சரிவுதான். ஊர் பள்ளத்தாக்கின் இரு பக்கமும் இறங்குகிறது. நீலக் கதவு மேட்டில். அங்கிருந்து தலா கெபீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு முக்கியத் தெருக்கள் கீழே இறங்கி நகரத்தின் நடுவுக்கு வருகின்றன. அதனால் சந்தேகம் வந்தால் இறங்குங்கள். கடைசியில் ர்சீஃப் சதுக்கத்துக்கு வந்து சேர்வீர்கள். அங்கே டாக்சி நிற்கும். இந்த ஒரு இடத்தின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு போனால் பாதி பயம் போய்விடும். சின்ன டாக்சிகள் சிவப்பு நிறம். மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். மீட்டர் போடச் சொன்னால் போடுவார்கள், இரவில் பாதி மடங்கு கூடுதல்.

தங்கும் வீடு உள்ளே இருந்தால் முன்கூட்டியே பேசி, யாராவது ஒருவரை மதில் வாசலுக்கு வரச் சொல்லிவிடுங்கள். பெட்டியைத் தள்ளுவண்டிக்காரரிடம் கொடுப்பதற்கு முன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். சக்கரப் பெட்டியை அந்தக் கல்தரையில் இழுத்துப் போவதைவிடக் கூலி கொடுப்பது லாபம்.

முதல் நாள் அரை நாளுக்கு ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அரசு உரிமம் பெற்றவர்கள் அடையாள அட்டை அணிந்திருப்பார்கள். தங்கும் இடத்தில் கேட்டாலே ஏற்பாடு செய்வார்கள். ஆனால் தொடங்கும்போதே "கடை எதுவும் வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கம்பளக் கடை, எண்ணெய்க் கடை, விளக்குக் கடை என்று அவருக்குக் கமிஷன் தரும் வாசல்களிலேயே அரை நாளும் போய்விடும். எங்களுக்குக் கிடைத்த பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "அப்படியானால் நடப்பதற்குத் தயாராகுங்கள்" என்றார். நடக்க விட்டார்.

"அந்தப் பக்கம் மூடியிருக்கு", "இன்னிக்கு மட்டும்தான் சந்தை" என்று பின்னாலேயே வரும் பையன்கள் விஷயமும் மெய்தான். தெரு மூடியிருக்காது. எங்கள் விடுதியில் தங்கியிருந்த ஒரு தம்பதியை ஒரு பையன் சுற்றிச் சுற்றி அழைத்துப் போய், ஆளில்லாத முட்டுச்சந்தில் நின்று நூறு திர்ஹம் கேட்டானாம். "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரு முறை சொல்லிவிட்டு நடையை நிறுத்தாமல் போனால் போதும். வழி கேட்பதானால் கடைக்குள் உட்கார்ந்திருப்பவரிடமோ, காய்கறிப் பையோடு போகும் பெண்களிடமோ கேளுங்கள். கடையை விட்டு அவரால் வர முடியாது. பெண்கள் காசு கேட்கவே மாட்டார்கள். எங்களை ஓர் அம்மா கையைப் பிடித்தே கூட்டிப்போய் விட்டார்.

பெண்கள் என்பதால் பெரிய தொந்தரவு எதுவும் வரவில்லை. கேலிக் குரல்கள் வந்தன. முக்கால்வாசி "இந்தியா! ஷாருக் கான்!" வகை. இந்திப் படம் அங்கே வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறார்கள். நீலக் கதவுக்கு அருகில் பழச்சாறு விற்பவர் ஒரு பழைய இந்திப் பாட்டை முழுதாகப் பாடினார். எனக்கு அதில் முதல் வரிக்கு மேல் தெரியாது. இந்தியர்கள் எல்லோருக்கும் இந்தி தெரியாது என்று அவருக்கு விளக்க முடியாமல் கைதட்டிவிட்டு நகர்ந்தேன். இருட்டிய பிறகு முக்கியத் தெருக்களை விட்டு விலகவில்லை. தோளும் முட்டியும் மூடிய உடை போதும். ஒரு துப்பட்டா எதற்கும் கூட இருக்கட்டும்.

போ இனானியா மதரசாவுக்கு நான் கொஞ்சம் முன்தயாரிப்போடு போனேன். மரீனிய சுல்தான் அபூ இனான் 1350களில் கட்டியது. தொழுகை நடக்கும் இடமாக இருந்தும் முற்றம் வரை எல்லோரையும் விடுகிறார்கள். நாங்கள் போனபோது கட்டணம் 20 திர்ஹம். சுவரைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். இடுப்பு உயரம் வரை துண்டுத் துண்டாகக் கொத்தி ஒட்டிய வண்ண ஓடு. அதற்கு மேல் சுதையில் செதுக்கிய பூவும் எழுத்தும். உச்சியில் தேவதாரு மரம், வெயிலும் மழையும் பட்டுக் கறுத்தது. முற்றத்தில் பத்து நிமிடம் நின்றால் எல்லோரும் போய்விடுவார்கள். அடுத்த கூட்டம் வருவதற்குள் கிடைக்கும் இடைவெளிதான் அந்த இடத்துக்கான நேரம்.

இந்த அபூ இனானுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இபின் பதூதா உலகைச் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, பார்த்ததையெல்லாம் சொல்லச் சொல்லி எழுதவைத்தது இந்தச் சுல்தான்தான். இபின் ஜுஸய் என்ற எழுத்தாளரிடம் ஃபெஸ்ஸில் வைத்துச் சொன்னார், 1355இல் முடிந்தது. இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது, பாவா ஆதம் மலை ஏறியது, மதுரைச் சுல்தான் கியாசுதீன் கைதிகளுக்குச் செய்த கொடுமைகள், மதுரையில் கொள்ளைநோயில் மக்கள் செத்து விழுந்தது எல்லாம் அதில் உண்டு. பதினான்காம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி இந்த ஊரில் உட்கார்ந்து ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதியது. இந்தச் சுவரில் சுதை ஈரமாக இருந்த அதே ஆண்டுகள். என் தோழியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப காயலைப் பத்தி எதுவும் சொல்லலையா?" என்று கோபித்துக்கொண்டாள்.

மதரசாவுக்கு எதிர்ச் சுவரில் நீர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது, 1357ஐச் சேர்ந்தது. பன்னிரண்டு சிறு ஜன்னல்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு குண்டு பித்தளைக் கிண்ணத்தில் விழுமாம். உள்ளே இருந்த இயக்கமுறை தொலைந்துபோய்விட்டது. தலையைத் தூக்கிப் பார்க்காமல் பாதிப் பேர் கடந்து போகிறார்கள்.

கரவிய்யீன் பள்ளிவாசல் கதை வேறு. 859இல் கைரவானிலிருந்து வந்த குடும்பத்துப் பெண்ணான பாத்திமா அல் ஃபிஹ்ரி தன் பரம்பரைச் சொத்தில் கட்டினார் என்பது அவ்வூர் மரபு. இடையறாமல் நடக்கும் உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. கடைத்தெருக்கள் அதன் சுவரைச் சுற்றி நெருக்கியிருப்பதால் கட்டடத்தை முழுதாக எங்கிருந்தும் பார்க்க முடியாது. ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியும். நான் வாசலோடு நின்றுவிட்டேன். தோழியைக் காவலர் நிறுத்தி "முஸ்லிமா?" என்று கேட்டார். இவள் கலிமா சொல்ல, "மர்ஹபா" என்று வழிவிட்டார். மஃரிப், அதாவது அந்தித் தொழுகை நேரம்.

நான் எதிரே படியில் உட்கார்ந்திருந்தேன். வாசலுக்குள் வெள்ளைத் தூண்களும் பாயும் தெரிந்தன. முற்றத்தில் ஒருவர் நீரூற்றில் கால் கழுவிக்கொண்டிருந்தார். தொழுகை முடிந்தும் அவள் வரவில்லை. உள்ளேயிருந்து பல குரல்கள் சேர்ந்து ஓதும் சத்தம் கேட்டது, நம் ஊரில் நான் கேட்டிராத வேகத்தில். வெளியே வந்தபோது சொல்வதற்கு நிறைய வைத்திருந்தாள். "எல்லாரும் கையைக் கட்டாம தொங்கவிட்டுத் தொழுறாங்கடி. மாலிக்கி மத்ஹப் அப்படித்தான்னு படிச்சிருக்கேன், இன்னிக்குத்தான் பார்க்கிறேன்." மஃரிப் முடிந்ததும் குர்ஆனில் ஒரு பகுதியைக் கூட்டாக ஓதுவது அங்கே வழக்கமாம். ஒரு பிரதியை எடுத்துத் திறந்தவளுக்கு முதலில் தடுமாற்றம். மக்ரிபு எனப்படும் வடமேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் அரபு எழுத்துமுறையில் சில எழுத்துகளுக்குப் புள்ளி வைக்கும் இடமே வேறு. பக்கத்திலிருந்த மூதாட்டி விரலை வைத்து வரி வரியாகக் காட்டினாராம். உள்ளே போக முடியாதவர்களுக்கு என் யோசனை: தொழுகை நேரத்தில் படமெடுக்காதீர்கள், வாசற்படியைத் தாண்டாதீர்கள், மற்ற நேரங்களில் நின்று பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. பக்கத்திலேயே இருக்கும் அத்தாரீன் மதரசாவுக்கு (1325இல் முடிந்தது) எல்லோரும் போகலாம். மாடியில் மாணவர்கள் தங்கிய அறைகளை எட்டிப் பாருங்கள். ஒரு ஆள் படுத்தால் நிறைந்துவிடும் அறை.

கரவிய்யீன் நூலகத்தின் வாசலில்தான் செஃபாரீன் சதுக்கம். செம்புக் கொல்லர்கள் சதுக்கம். சுற்றிலும் பட்டறைகள், நடுவில் ஒரு மரம். கல்யாண வீடுகளுக்குக் குஸ்குஸ் என்ற கோதுமை ரவை உணவை வேகவைக்கும் பெரிய கொப்பரைகளை இங்கேதான் அடிக்கிறார்கள். ஒருவர் கொப்பரையைத் திருப்ப இன்னொருவர் சுத்தியல் போடுகிறார். பழைய பாத்திரங்களுக்கு ஈயம் பூசித் தருவதும் நடக்கிறது. ஓரத்தில் டீக்கடை உண்டு. ஒரு புதினா டீ வாங்கிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால் வியப்பாகப் பார்ப்பார்கள், ஆனால் குறைப்பார்கள்.

காலை எட்டு மணி வாக்கில் குடியிருப்புச் சந்துகளில் நடந்தால் பலகையில் துணி போர்த்திய மாவு வட்டங்களோடு பிள்ளைகள் போவதைப் பார்க்கலாம். வீட்டில் பிசைந்து, தெரு அடுப்பில் சுட்டு வாங்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நாங்கள் எட்டிப் பார்த்த அடுப்புக்காரர் தரைக்குக் கீழே ஒரு குழியில் நின்றுகொண்டு, ஆளுயர மரத்துடுப்பால் ரொட்டிகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். எது யார் வீட்டு ரொட்டி என்று சீட்டு எதுவும் இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு வழிகாட்டி மொழிபெயர்த்த பதில்: "இவர்கள் அம்மா பிசைந்ததும் தெரியும், பாட்டி பிசைந்ததும் தெரியும்." சூடாக ஒன்று கையில் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மண்பாண்டம், ஓடு செய்பவர்கள் மதிலுக்கு வெளியே ஐன் நொக்பி பக்கம் இருக்கிறார்கள், டாக்சியில் போக வேண்டும். சூளைக்கு ஆலிவ் கொட்டையை எரிக்கிறார்கள். ஓடு கொத்துபவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, கனமான கூர் சுத்தியலால் நட்சத்திரமும் சாய்சதுரமுமாகத் தட்டி எடுக்கிறார்கள். அந்தத் துண்டுகளைத் தரையில் முகம் கவிழ்த்து அடுக்கிப் பின்பக்கம் சாந்து ஊற்றுகிறார்கள். கோலம் சரியாக வந்ததா என்று திருப்பி நிறுத்தும்போதுதான் தெரியும்.

இனி ஷுவாரா தோல் பதனிடும் இடம். நான் வளர்ந்தது ராணிப்பேட்டைப் பக்கம். அப்பா தோல் ஷாப்பில் கணக்கெழுதியவர். அதனால் மாடிப்படியில் கடைப் பையன் நீட்டிய புதினாக் கொத்தை மூக்கில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அவன் இரண்டு முறை சைகை காட்டினான். எனக்கு அந்த நாற்றம் ஏறவில்லை. சுண்ணாம்பு, பச்சைத் தோல், ஈரம். பள்ளி விட்டு வரும்போது வீசிய காற்று.

மாடியிலிருந்து குனிந்தால் கீழே கல் தொட்டிகள், நூற்றுக்கணக்கில். வெள்ளைத் தொட்டிகள் ஒரு பக்கம், வண்ணத் தொட்டிகள் மறு பக்கம். எல்லோரும் வண்ணத்தைப் படமெடுக்கிறார்கள். உண்மையான வேலை வெள்ளையில்தான். சுண்ணாம்பு மயிரை இளக்கும். அப்புறம் புறா எச்சம் கரைத்த தண்ணீர், தோலில் ஏறிய சுண்ணாம்பை இறக்கி அதை மிருதுவாக்கும். கேட்கும்போது பயணிகள் முகம் சுளிக்கிறார்கள். இன்றைய தொழிற்சாலைகளில் அதே வேலையை மூட்டையில் வரும் நொதிப்பொடி செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவர் தொடை வரை இறங்கி ஆட்டுத்தோல்களை மிதித்துக்கொண்டிருந்தார். இடது கால், வலது கால், ஒரு சுற்றுத் திரும்பி மறுபடி. ராணிப்பேட்டையில் மோட்டார் வைத்த மர டிரம் சுற்றிச் செய்கிற வேலையை இங்கே கால் செய்கிறது. ஒரு தோலைத் தூக்கிப் பிழிந்து விளிம்பை விரல்களுக்கிடையில் இழுத்துப் பார்த்தார், திருப்தியில்லை, மறுபடி உள்ளே போட்டு மிதித்தார். அப்புறம் மரப்பட்டைச் சாற்றில் ஊறல். நம் பக்கம் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை செய்த வேலை. கடைசியில்தான் சாயம்.

"எல்லாம் இயற்கைச் சாயம், மஞ்சளுக்குக் குங்குமப்பூ" என்றான் பையன். குங்குமப்பூ விலை தெரிந்தவர் யாரும் அதைச் சிரிக்காமல் கேட்க முடியாது. மாதுளந்தோல் என்று சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். நான் சுண்ணாம்பு எத்தனை நாள், மயிர் எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்கியதும் அவன் விற்பனையை விட்டுவிட்டுத் தன் மாமாவைக் கூப்பிட்டான். மாமாவின் உள்ளங்கை காய்த்து வெடித்திருந்தது. அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வரும் சுண்ணாம்புக் குழி ஆட்களுக்கும் அதே கைதான். பார்க்க அழகான வேலை, செய்ய அழகானதல்ல. கீழே ஓடும் ஆறு இதையெல்லாம் வாங்கிக்கொண்டு செபூ ஆற்றில் கலக்கிறது. பாலாற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாடிகள் தோல் கடைகளுக்குச் சொந்தம். ஏறக் கட்டணமில்லை, ஆனால் இறங்கும் வழி கடைக்குள்தான். ஏறும்போதே "பார்க்க மட்டும்" என்று சொல்லி, இறங்கும்போது பத்து இருபது திர்ஹம் கொடுத்துவிட்டால் இருதரப்புக்கும் மரியாதை. காலையில் போங்கள், வேலை அப்போதுதான் மும்முரம். வெள்ளிக்கிழமை வேண்டாம். வெள்ளி மதியம் ஊரே கடையடைத்து வீட்டில் குஸ்குஸ் சாப்பிடும்.

பொதுக் குளியலறைக்கும் போனோம், ஹம்மாம். சொகுசு விடுதிகளில் இருப்பதல்ல, தெருவில் இருப்பது. பெண்களுக்குப் பகல் நேரம். மூன்று அறைகள், உள்ளே போகப் போகச் சூடு. வாளி, கோப்பை, ஆலிவ் எண்ணெயில் செய்த கறுப்புச் சோப்புக் களிம்பு, சொரசொரப்பான கையுறை, மாற்று உள்ளாடை எடுத்துப் போக வேண்டும். எல்லாம் வாசலிலேயே விற்கும். தேய்த்துவிடும் அம்மாவுக்குத் தனிக் கூலி, முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். பாட்டி பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்த்ததை நினைத்துக்கொண்டு முதுகைக் கொடுத்தேன். பாட்டி எவ்வளவு இரக்கமானவர் என்று அன்றுதான் தெரிந்தது. அழுக்கு திரிதிரியாக உருண்டு வந்ததை அந்த அம்மா எடுத்துக் காட்டி, பக்கத்திலிருந்தவர்களிடமும் காட்டி, எல்லோருமாகச் சிரித்தார்கள். கூச்சப்படுபவர்களுக்கு ஒரு தைரியம்: அங்கே உங்களைப் பார்ப்பதற்கு யாருக்கும் நேரமில்லை. அவரவருக்கு அவரவர் வாளி.

சாப்பாட்டில் எனக்குப் பிடித்தது பிசாரா. உலர்ந்த மொச்சை வகை அவரையை வேகவைத்துக் கடைந்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும் தூவித் தரும் கூழ். காலையில் தெருக்கடையில் கிடைக்கும், மலிவு. சைவர்கள் கவனிக்க: ஹரீரா சூப்பிலும் ஏழு காய்கறிக் குஸ்குஸிலும் பெரும்பாலும் இறைச்சிச் சாறு இருக்கும். "காய்கறிதானே" என்று கேட்டால் காய்கறிதான் என்பார்கள், வெந்த சாற்றைப் பற்றிப் பேச மாட்டார்கள். கத்தரிக்காய் சாலூக், வெள்ளை பீன்ஸ், பயறு, முட்டை, ரொட்டி, ஆலிவ் என்று வண்டி ஓட்டலாம். புறாக்கறியை மெல்லிய அடைக்குள் வைத்து மேலே சர்க்கரையும் பட்டையும் தூவும் பஸ்தீலா ஃபெஸ்ஸின் பெருமை. தோழிக்கு உயிர். எனக்குச் சர்க்கரை போட்ட கறியோடு கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. தலா கெபீராவில் ஒட்டகத் தலையைத் தொங்கவிட்ட கறிக்கடை வரும், பிள்ளைகளோடு போகிறவர்கள் முன்பே சொல்லிவையுங்கள்.

யூதர்கள் வாழ்ந்த மெல்லா, 1438இல் தொடங்கியது. தெருவைப் பார்த்த மர பால்கனிகளால் உடனே தெரியும். உள்ளுக்குள் திரும்பிய மெதினா வீடுகளில் அப்படி இருக்காது. இப்ன் தனான் தொழுகைக்கூடமும் வெள்ளைக் கல்லறைத் தோட்டமும் ஒரு காலைப்பொழுதுக்குச் சரியாக இருக்கும். அரண்மனையில் பித்தளைக் கதவு மட்டுமே பார்க்கக் கிடைக்கும்.

நடைமுறை விஷயங்கள் சில. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். காசாபிளாங்காவில் இறங்கி ரயிலில் வந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். முதல் வகுப்பில் இருக்கை எண் உறுதி, வித்தியாசத் தொகைக்கு அது தகும். திர்ஹத்தை நாட்டுக்கு வெளியே வாங்குவது கடினம், விமான நிலையத்தில் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். மெதினாவில் பணம்தான் பேசும், அதுவும் சில்லறை. ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். கோடையில் நாற்பது டிகிரி. குளிர்காலத்தில் அந்த அழகான முற்ற வீடுகள் எலும்பைக் குளிரவைக்கும். ரமலானில் பகலில் கடைகள் மந்தம், இரவு முழுக்க ஊர் விழித்திருக்கும்.

தோல் வாங்குகிறவர்களுக்கு ராணிப்பேட்டையிலிருந்து சில வார்த்தைகள். லைட்டரைப் பற்றவைத்து "பாருங்கள், எரியவில்லை" என்று காட்டுவார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெட்டு விளிம்பைப் பாருங்கள், நார் நாராகத் தெரிய வேண்டும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள், சாயம் நிறைய ஒட்டினால் வெளிர் நிறத் துணியோடு அதைப் போட முடியாது. பாபூஷ் செருப்பில் அடி தைத்திருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். சொல்லும் விலையில் பாதிக்குக் கீழே தொடங்கி, சிரித்துக்கொண்டே பேசலாம். ஆனால் நீங்களே ஒரு விலை சொல்லி அவர் ஒத்துக்கொண்டுவிட்டால் வாங்கியே ஆக வேண்டும், பின்வாங்குவது அங்கே பெரிய அவமரியாதை. உட்காரும் தோல் மெத்தையைக் காலி உறையாக வாங்கி மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிடலாம், வீட்டுக்கு வந்து பழைய துணி அடைத்துக்கொள்ளலாம். வாசனை போக வெயிலில் போடாதீர்கள், விறைத்துவிடும். நிழலில் காற்றாட விடுங்கள். என்னுடையதில் இரண்டு பழைய போர்வையும் அப்பாவின் வேட்டிகளும் இருக்கின்றன. தோழியுடையது இன்னும் காலியாகவே அலமாரியில் கிடக்கிறது, அடைப்பதற்கு அவளுக்கு நேரமில்லையாம்.